ஈரான் அணுப் பேச்சு: 2015இல் ஒரே பக்கம் இருந்த ரஷ்யாவும் சீனாவும் 2025இல் ஏன் எதிர்ப்பக்கம் போயின?

களுதாவளைப் பொடியன் | 2025 ஒக்டோபர் 11

உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சர்வதேச உறவுகள் பகுதியில் ஈரான் விவகாரம் வந்ததும் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "சேர், 2015இல் ரஷ்யாவும் சீனாவும் அமெரிக்காவோடு சேர்ந்திருந்துதானே ஈரானிடம் கையெழுத்து வாங்கினார்கள், இப்போது ஏன் ஈரானுக்காகப் பாதுகாப்புச் சபையில் கை தூக்குகிறார்கள்" என்று கேட்டாள். உக்ரேன் யுத்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம்தான், ஆனால் அந்தப் பிள்ளை அதோடு விடுகிற ஆள் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வல்லரசுகள் தங்களுக்குள் முறுகிக்கொண்டால் பிராந்தியத்தின் பாதுகாப்பு கெடுகிறது என்று எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. சரி, அவர்கள் ஒற்றுமையாக இருந்த காலத்தில் மட்டும் பிராந்தியம் நிம்மதியாக இருந்ததா?

ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் இதைத் தூரத்துக் கதை என்று சொல்லவும் முடியாது. வகுப்பில் சொல்லக்கூடிய மாதிரி விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மூன்றாம் உலகப் போர் வருகிறது என்று சிவப்பு எழுத்தில் போடும் யூடியூப் காணொளிகளின் இணைப்பு வேண்டாம்.

வாவிக்கரை | 2025 ஒக்டோபர் 11

உக்ரேன் மட்டும்தான் காரணம் என்றால் பாதிக் கதைதான் சொன்னதாக இருக்கும். 2015இலிருந்து தொடங்காமல் 2010இலிருந்து தொடங்குங்கள், பிள்ளைக்கு விளங்கும்.

2010 ஏப்ரலில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிராக் நகரத்தில் நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, பாவனையில் நிறுத்திவைக்கும் அணுகுண்டுகள் ஆளுக்கு 1550க்கு மேல் போகக்கூடாது என்று. ஜூனில் பாதுகாப்புச் சபையில் ஈரான் மேல் தடை போடும் 1929ஆம் இலக்கத் தீர்மானம் வந்தபோது ரஷ்யா, சீனா இரண்டுமே ஆதரித்து வாக்களித்தன. அதே வருடம் மாஸ்கோ, ஈரானுக்கு விற்பதாக ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்த எஸ்-300 ஏவுகணைகளைக் கொடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. அப்போது வாஷிங்டனோடு உறவைச் சீராக்குவதுதான் அவர்களுக்கு லாபம், அதற்குக் கொடுத்த விலை ஈரான். சீனா என்ன செய்தது என்றால், தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன் தான் ஈரானிடம் வாங்கும் எண்ணெய்க்குப் பாதிப்பு வராத அளவுக்கு அதன் வாசகங்களைத் தண்ணியாக்கிக்கொண்டது. ஆக, அந்தக் காலத்திலும் இவர்கள் அமெரிக்காவின் பக்கம் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அவரவர் கணக்கு அன்றைக்கு அங்கே கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது, 2014இல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொள்கிறது, மேற்குநாடுகள் ரஷ்யா மேலேயே தடை போடுகின்றன, அப்படி இருந்தும் 2015 ஜூலை 14 வியன்னாவில், ஈரான் அணு வேலையைக் கட்டுப்படுத்தும், பதிலுக்குத் தடைகள் நீங்கும் என்ற ஒப்பந்தம் முடிகிறது. இந்த இடத்தில் வகுப்பில் கொஞ்சம் நின்று பேசுங்கள், ஏனென்றால் பகை இருந்தாலே பேச்சு கெட்டுப்போகும் என்ற கருத்தை இது உடைக்கிறது. தன் வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு அணுவாயுத நாடு வருவதை ரஷ்யாவும் விரும்பவில்லை, அதனால் உக்ரேன் சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை மட்டும் தனியாகப் பேச முடிந்தது. ஒப்பந்தப்படி யுரேனியத்தை 3.67 வீதத்துக்கு மேல் செறிவூட்டக்கூடாது (செறிவூட்டுவது என்றால் அணுப்பிளவுக்கு உதவும் யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டுவது), கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. மிச்சத்தை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோது, 2015 டிசம்பரில் கப்பலில் ஏற்றி 11 தொன் வரை ரஷ்யாவுக்குத்தான் அனுப்பினார்கள். அமெரிக்காவும் ஒத்துக்கொள்கிற, ஈரானும் நம்பிக் கொடுக்கிற இடம் அது ஒன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் 2018 மே 8, டிரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை வெளியே எடுக்கிறார். இதில் ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ ஒரு பங்கும் இல்லை, வல்லரசுப் போட்டி என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுகிறவர்கள் இந்தத் திகதியை மறந்துவிடுகிறார்கள். 2019இல் ஈரான் ஒவ்வொரு வரம்பாக மீறத் தொடங்கியது, 2021 ஏப்ரலில் 60 வீதத்துக்குப் போனது. ஆயுதத்துக்கு வேண்டியது 90 வீதம் அளவில், 60இலிருந்து அங்கே போவது பெரிய வேலையும் இல்லை.

இப்போது உங்கள் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். 2022 மார்ச்சில் வியன்னாவில் ஒப்பந்தத்தை மீட்கும் வரைபு கிட்டத்தட்ட முடிந்த நிலை. உக்ரேன் மேல் படையெடுத்து இரண்டு கிழமையும் ஆகவில்லை, ரஷ்ய வெளிநாட்டமைச்சர் லாவ்ரோவ் மார்ச் 5ஆம் திகதி, எங்கள் மேல் போட்ட தடைகள் ஈரானோடு நாங்கள் செய்யும் வியாபாரத்தைத் தொடாது என்று எழுத்தில் தாருங்கள் என்கிறார். 11ஆம் திகதி பேச்சு நிறுத்தம். 2014இல் தனியாக வைத்திருந்த இரண்டு விஷயத்தையும் ஒன்றாகக் கட்டினார்கள். பிறகு ரஷ்யா இறங்கிவந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அதற்குப் பிறகு அமெரிக்காவும் ஈரானும், ஈரானின் புரட்சிக் காவல் படையை அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து எடுப்பதா இல்லையா என்பதில் இழுபட்டன. ஆனால் அதற்கிடையில் ஈரானின் ட்ரோன்கள் உக்ரேன் வானத்தில் பறக்கத் தொடங்கிவிட்டன. 2010இல் ஈரானை விற்று வாஷிங்டனிடம் நல்ல பெயர் வாங்கிய மாஸ்கோவுக்கு இப்போது வாஷிங்டனிடம் வாங்க ஒன்றும் இல்லை, தெஹ்ரானிடம் வாங்க ஆயுதம் இருக்கிறது. சீனாவும் தடைக்குப் பயந்து வேறு யாரும் தொடாத ஈரானிய எண்ணெயில் பெரும்பகுதியைக் கழிவு விலையில் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதுதான் மாற்றம்.

கல்முனைக் காக்கா | 2025 ஒக்டோபர் 12

வாவிக்கரைத் தம்பி திகதியெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார், ஆனால் கதையை ஐந்து பெரிய தலைகளின் கதையாகவே சொல்லிவிட்டார். பிராந்தியத்தில் இருக்கிறவனுக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்பது அதில் வரவில்லை.

அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையில்லாமல் நீடித்தது 1995இல். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டு இராஜதந்திரி ஜயந்த தனபால, வகுப்பில் இதைச் சொல்லுங்கள் சேர், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அரபு நாடுகள் அந்த நீடிப்புக்கு ஒத்துக்கொண்டதே மத்திய கிழக்கை அணுவாயுதமற்ற வலயமாக்குவோம் என்ற தீர்மானத்தையும் கூடவே நிறைவேற்றியதால்தான். அதை முன்மொழிந்தவர்கள் அமெரிக்கா, பிரித்தானியா, ரஷ்யா. முப்பது வருடமாகிறது, வலயம் எங்கே? இஸ்ரேல் இன்றுவரைக்கும் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவே இல்லை. 2015 மீளாய்வு மாநாடு இந்த விஷயத்தில்தான் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒத்துக்கொள்ளாததால் உடைந்தது. 2022இல் அடுத்ததை ரஷ்யா உடைத்தது, தான் பிடித்துவைத்திருக்கும் உக்ரேனின் சபோரிஷியா அணு உலை பற்றிய பந்தி பிடிக்கவில்லை என்று. ஆளுக்கு ஒரு முறை.

இந்தியாவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, 1974இலும் 1998இலும் வெடித்துப் பார்த்த நாடு, 2008இல் அமெரிக்கா முன்னுக்கு நின்று அணு எரிபொருள் வியாபாரத்துக்கு விதிவிலக்கு வாங்கிக் கொடுத்தது. சீனாவுக்கு எதிரே ஒரு ஆள் தேவை என்று வந்தால் விதி வளையும், தெஹ்ரானுக்கு மட்டும் வளையாது. நான் ஈரானுக்கு வக்காலத்து வாங்கவில்லை, ஆய்வாளர்களிடம் மறைத்ததெல்லாம் உண்மைதான். ஆனால் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாடு விதியை நம்பி இருக்குமா, குண்டை நம்பி இருக்குமா?

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே கிடக்கிறது. 1995இல் பெரியவர்கள் எல்லாரும் ஒற்றுமைதான், கொடுத்த வாக்கை அந்த ஒற்றுமைக்குள்ளேயே மறந்தார்கள்.

சனையா | 2025 ஒக்டோபர் 12

நான் ஏறாவூர், இப்போது டோஹாவில். ஜூன் 23 இரவு உள்ளே இருந்து எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், அரசியல் பிறகு.

வேலை முடிந்து வந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறோம், வான்பரப்பை மூடிவிட்டார்கள் என்று கைபேசியில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் மேலே வெளிச்சம் கோடு கோடாகப் போய் வெடிக்கிறது. கேம்ப் மொட்டைமாடியில் நேபாளி, பங்களாதேஷ், நம்ம ஆட்கள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் படம் பிடிக்கிறார்கள், ஒருவன் மட்டும் கீழே இறங்கடா என்று கத்துகிறான். முதல் நாள் அமெரிக்கா ஈரானில் குண்டு போட்டதற்குப் பதிலாக, இங்கே இருக்கும் அல் உதைத் அமெரிக்கத் தளத்துக்கு ஈரான் அனுப்பிய ஏவுகணைகள். அடுத்த நிமிடம் எல்லாருடைய போனும் ஊரிலிருந்து அடிக்கத் தொடங்கியது, இணைப்புத்தான் கிடைக்கவில்லை. விடியற்காலை கம்பனி பஸ் வழமைபோல வந்து நின்றது, ஏறிப் போனோம். செப்டம்பர் 9ஆம் திகதி அதே டோஹாவில் இஸ்ரேல் குண்டு போட்டது. ஈரான் அடித்ததே அந்தத் தளம் இங்கே இருப்பதால், இஸ்ரேல் அடித்தபோது அதே தளத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

காக்கா சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். டோஹாவில் அடி விழுந்து எட்டாம் நாள், செப்டம்பர் 17, சவூதியும் பாகிஸ்தானும் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன, அணுகுண்டு வைத்திருக்கிற பாகிஸ்தான். அதற்கு முன்பு 2023 மார்ச்சில் சவூதியையும் ஈரானையும் கைகுலுக்க வைத்தது பீஜிங். ஒரே ஒரு பெரியவரை நம்பினால் போதாது என்று வளைகுடா முடிவெடுத்துவிட்ட மாதிரித்தான் இங்கே தெரிகிறது.

வாழைச்சேனை மெசின்போட் | 2025 ஒக்டோபர் 13

எல்லாம் சரி, நம்ம பக்கம் வாருங்கள். 25 குதிரைவலு எஞ்சினை எழுப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல், அப்புறம் கரை திரும்பும்வரை மண்ணெண்ணெய். ஈரானில் வெடித்தால் எங்களுக்கு மண்ணெண்ணெயில் வெடிக்கும். 2012இலும் அப்படித்தான், விலையை ஏற்றினார்கள், சிலாபத்தில் ஆர்ப்பாட்டம் செய்த மீனவரைச் சுட்டே கொன்றார்கள்.

வாவிக்கரை | 2025 ஒக்டோபர் 13

மெசின்போட் அண்ணன், 2012 விஷயத்தில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். 1969இல் ஓடத்தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டியது. அமெரிக்கத் தடை இறுகியதும் வாங்குவதைக் குறைத்துக் காட்டி, ஜூனில் வாஷிங்டனிடமிருந்து விலக்கு வாங்கவேண்டி வந்தது. அந்தக் காலத்து எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரைப் பணமாகக் கொடுக்க வங்கி வழி அடைபட்டுப் போய், கடைசியில் தேயிலையாகக் கழிப்போம் என்று 2021 டிசம்பரில் உடன்பட்டார்கள்.

ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக ஏறியதே, அதை ஈரான் கணக்கில் எழுதாதீர்கள். டொலர் தீர்ந்துபோனதும் மானியத்தை எடுத்ததும் நம் சொந்த வேலை. உலகத்து எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகிறது, உண்மைதான், அங்கே இறுகினால் இங்கே சுடும். அதைச் சொல்லியே நம் அரசியல்வாதிகள் தப்பிக்கொள்ளப் பார்ப்பதும் உண்மை.

களுதாவளைப் பொடியன் | 2025 ஒக்டோபர் 13

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாகச் சனையா தம்பிக்கு, அந்த இரவு என் மச்சானும் அங்கேதான். ஒன்று மட்டும் தொங்குகிறது. வல்லரசுகள் பிரிந்திருப்பது நடுவில் இருக்கிற நாட்டுக்கு லாபம் இல்லையா? ஒருவர் தடை போட்டால் மற்றவரிடம் போகலாமே. வடகொரியா அப்படித்தானே பிழைக்கிறது?

வாவிக்கரை | 2025 ஒக்டோபர் 14

வடகொரியா விஷயத்தில் ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது அப்படியே பொருந்தும். 2017 டிசம்பரில் வடகொரியா மேல் தடை போடும் 2397ஆம் தீர்மானம் பாதுகாப்புச் சபையில் ஏகமனதாக நிறைவேறியது, ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்துதான். 2022 மேயில் அதே இரண்டும் புதிய தடையை வீற்றோ செய்தன. 2024 மார்ச்சில் ரஷ்யா அடித்த வீற்றோவில், தடைகளைக் கண்காணித்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிபுணர் குழுவே ஏப்ரலோடு முடிந்துபோனது. ஜூனில் புட்டின் பியோங்யாங்கில் போய் இறங்கி, தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று ஒப்பந்தம் போட்டார். பிறகு வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் குர்ஸ்க் களத்தில் உக்ரேனுக்கு எதிராக நின்றார்கள். அணுவாயுதத்தைக் கைவிடு என்று பேச இப்போது அங்கே மேசையே இல்லை.

ஈரானுக்கு அந்தக் கொண்டாட்டம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 17 ரஷ்யாவோடு ஒரு மூலோபாய ஒப்பந்தம் செய்தது, அதில் ஒருவரைத் தாக்கினால் மற்றவர் வரவேண்டும் என்ற வரியே கிடையாது. ஜூன் 13 இஸ்ரேல் தாக்கியது, 22 அமெரிக்கா போர்தோ, நடான்ஸ், இஸ்பஹான் அணு நிலையங்கள் மூன்றுக்கும் குண்டு போட்டது, மாஸ்கோவிலிருந்தும் பீஜிங்கிலிருந்தும் வந்தது கண்டன அறிக்கை. செப்டம்பரில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் பழைய ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் இவர்களால் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் 2015இல் அந்தப் பொறிமுறையை எழுதும்போதே வீற்றோ வேலை செய்யாதபடி எழுதிவிட்டார்கள், ரஷ்யாவும் அதற்கு அப்போது சம்மதித்தது. தள்ளிப்போடக் கேட்டு ரஷ்யாவும் சீனாவும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 26ஆம் திகதி கிடைத்தது 4 வாக்கு, எதிராக 9. உங்கள் வகுப்புப் பிள்ளை சொன்ன கை தூக்கல் இதுதான். இப்போது தடை இருக்கிறது என்று ஒரு பாதி, இல்லை என்று மறு பாதி.

இதையெல்லாம் பார்க்கிற மூன்றாவது நாடு என்ன பாடம் எடுக்கும் என்பதுதான் எனக்குப் பயம். குண்டு வைத்திருக்கிற கிம்மைத் தேடிப் போய்க் கைகொடுத்தார்கள், குண்டின் விளிம்பில் நின்ற ஈரானை அடித்தார்கள், 2003இல் அணுத்திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாபியும் 1994இல் தன் மண்ணில் இருந்த அணுவாயுதத்தைக் கொடுத்துவிட்ட உக்ரேனும் என்ன ஆனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரேயடியாக இருட்டாகச் சொல்லாமல் ஒன்றும் சொல்லலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, 1988இல் கையெழுத்திட்டது, 1992இலிருந்து நடக்கிறது. கார்கில் யுத்தம் வந்தும் நிற்கவில்லை. எந்த வல்லரசும் மேசையில் இல்லை, யாரும் பெரிதாக எழுதுவதும் இல்லை.

கல்லடி ஓடம் | 2025 ஒக்டோபர் 14

நம்ம கடலையே விட்டுவிட்டீர்கள். கல்லடிக்கு நேரே, ஐம்பது மீற்றருக்குக் கீழே ஹேர்மஸ் கிடக்கிறது, சுழியோடிகளுக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 9, திருகோணமலைக்கு ஜப்பான் வருகிறது என்று கேள்விப்பட்டுத் தெற்கே ஓடி வந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மேலே ஒரு விமானமும் இல்லை, 307 பேரோடு போனது. திருகோணமலைத் துறைமுகம் யாருக்கு என்ற கேள்வி அதோடு முடியவும் இல்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டு இராணுவத்துக்கும் துறைமுகத்தைக் கொடுக்கமாட்டோம் என்று இருக்கிறது, எண்ணெய்க் குதங்களும் அதே கடிதத்தில்தான். 2022இல் சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டில்லி கத்தியது, 2024 முழுக்க எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று கொழும்பு கதவைச் சாத்தியது. ஒருவரை மட்டும் வராதே என்று சொல்லப் பயம், அதனால் எல்லாரையும்.

கல்முனைக் காக்கா | 2025 ஒக்டோபர் 15

ஓடம் தம்பி சொன்னதற்கு ஒரு ஒட்டு. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுவந்தது சிறிமாவோ அரசாங்கம்தான். 1977இல் அமெரிக்காவும் சோவியத்தும் இந்தச் சமுத்திரத்தில் கடற்படையைக் கட்டுப்படுத்தப் பேசவும் தொடங்கின, எத்தியோப்பியா-சோமாலியா சண்டையில் முட்டிக்கொண்டு 1978இல் நின்றுபோனது. அதன் பிறகு சோவியத் ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 1981இல் கொழும்பில் நடக்கவிருந்த மாநாடு நடக்கவே இல்லை. நடந்தது என்னவென்றால் இந்தச் சமுத்திரத்தின் நடுவில் அமெரிக்கத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவு வளர்ந்தது. 2025இல் ஈரானை மிரட்ட பி-2 குண்டுவீச்சு விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திய அதே தீவில்தான், 2021இல் படகில் போய் ஒதுங்கிய நம்ம தமிழ்ப் பிள்ளைகள் மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்தார்கள்.

வாவிக்கரை தம்பியிடம் ஒரு கேள்வி. 60 வீத யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருக்கிறது என்கிறார்களே. பழையபடி ரஷ்யா எடுத்துக்கொள்ளாதா?

வாவிக்கரை | 2025 ஒக்டோபர் 15

ரஷ்யா எடுக்கத் தயார் என்று ஜூனிலேயே சொல்லிவிட்டது காக்கா. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கணக்கில் யுத்தம் தொடங்கிய நாள் 440 கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. கப்பலும் இருக்கிறது, எடுக்கிற நாடும் இருக்கிறது. 2015இல் எடுக்கிற அந்தக் கையை வாஷிங்டனும் நம்பியது, தெஹ்ரானும் நம்பியது. இப்போது ஈரான் தன் மண்ணிலேயே செறிவூட்டும் உரிமையை விட மாட்டேன் என்கிறது, அமெரிக்கா ஒரு கிராமும் கூடாது என்கிறது, ரஷ்யா நடுவர் என்று சொன்னால் உக்ரேன் யுத்தம் முடியாமல் ஐரோப்பா சிரிக்கும். 2026 பெப்ரவரி 5 நியூ ஸ்டார்ட்டும் காலாவதியாகிறது, இன்னும் ஒரு வருடம் வரம்பைக் கடைப்பிடிப்போம் என்று புட்டின் செப்டம்பரில் சொல்லியிருக்கிறார். அதற்கு வாஷிங்டன் என்ன செய்கிறது என்று பார்த்தால் 440 கிலோ எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். சேர், அந்தப் பிள்ளையை அந்தத் திகதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.